பேய்ப்படத்து வாசலில் ஒரு ‘வாங்க’

1. செருப்பைக் கழற்றும் வில்லன்

“கட்! அக்கா, அவன் கெட்டவன்க்கா!”

டைரக்டர் தாரணியின் கத்தல் ஹெட்போன் வழியாக என் மண்டைக்குள் இறங்கியது. அன்று காலையிலிருந்து அந்த ஒரே வரிதான். சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் வேலையில் இது ஒரு தொல்லை. யார் யாரைத் திட்டினாலும் முதலில் என் காதில்தான் விழும்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகள், “அண்ணா, எந்தப் படத்துல நெறையக் கத்துக்கிட்டீங்க?” என்று கேட்கிறார்கள். பெரிய படம் எதையாவது சொல்வேன் என்று முகத்தைப் பார்ப்பார்கள். நான் சொல்வது இந்தச் சின்னப் படத்தைத்தான். சங்ககிரிப் பக்கம் ஓர் ஊர், பேர் வேண்டாம், அங்கே ஒரு தோட்டத்து வீடு, ஒரு வேனில் அடங்கும் ஆட்கள், அவ்வளவுதான் எங்கள் யூனிட். பேய்ப்படம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டாலும் அதில் பேயும் கிடையாது, ரத்தமும் கிடையாது. அப்பா இறந்துபோன ஒரு வீடு. அம்மாவும் மகளும் மகனும் ஆளுக்கு ஆள் “அவர் சாவுக்கு நீதான் காரணம்” என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார்கள். ஒரு மத்தியானம் முன்பின் தெரியாத ஆள் ஒருத்தன் வாசலில் வந்து நின்று தண்ணீர் கேட்கிறான். குடித்துவிட்டு உட்காருகிறான். அப்புறம் போகவே மாட்டான். அதுதான் கதை.

அம்மாவாக நடித்தவர் அந்த வீட்டுக்குச் சொந்தக்காரரே. பாவாயி அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பேச்சைக் கேட்டதும் “எனக்கு வேற ஆர்டிஸ்ட் வேண்டாம்” என்று தாரணி அவரையே பிடித்துப் போட்டுவிட்டாள். வந்து நிற்கும் ஆளாக நடித்தவர் மாதேஸ்வரன், சங்ககிரி லாரி டிரைவர். ஆள் பனைமரம் மாதிரி இருப்பார், குரல் ஏர் பிரேக் மாதிரி. மனசு மட்டும் தயிர்சாதம்.

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு பயத்தில் வாயடைத்து நிற்க வேண்டும். ஸ்கிரிப்டில் அப்படித்தான் இருந்தது. ஆனால் மாதேஸ்வரன் வாசலுக்கு வந்ததுமே பாவாயி அக்கா, “வாங்க, வாங்க” என்றுவிடுவார். அதைக் கேட்டதும் மாதேஸ்வரனின் கால் தானாகச் செருப்பைக் கழற்றிவிடும்.

“கெட்டவனாவே இருக்கட்டும் கண்ணு, வாசலுக்கு வந்துட்டாங்களே. வாங்கன்னு சொல்லாம மரமாட்டம் நிக்கச் சொல்றியே, எப்படி?” என்றார் அக்கா.

“நீங்க எதுக்குங்க செருப்பைக் கழட்டறீங்க?” என்று தாரணி மாதேஸ்வரன் பக்கம் திரும்பினாள்.

“அக்கா வாங்கன்னு சொன்னாங்கள்ல? செருப்புக் காலோட எப்படிங்க ஊட்டுக்குள்ள போறது?”

எங்கள் லைட்மேன் ஆறுமுகம் ஸ்டாண்டைப் பிடித்தபடியே சொன்னார்: “இன்னும் ரெண்டு டேக் போச்சுன்னா வில்லனுக்கு இலை போட்டுச் சோறு வெச்சுருவாங்க.”

2. விடிந்தால் வெள்ளையடிப்பு

எல்லாரும் சிரித்தோம். தாரணி மட்டும் சிரிக்கவில்லை. காரணம் இருந்தது. அன்றுதான் கடைசி நாள். மற்றக் காட்சிகள் எல்லாம் முடிந்துவிட்டன. அழுகை, சண்டை எதிலும் பாவாயி அக்கா பிசகவே இல்லை. படத்தைத் திறக்கும் இந்த வாசல் காட்சி ஒன்றுதான் பாக்கி. விடிந்தால் அந்த வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆட்கள் வருகிறார்கள். அக்காவின் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் வரும்போது வீடு பளிச்சென்று இருக்க வேண்டாமா? ஆனால் மழைநீர் வழிந்து கறுத்த அந்தச் சுவர்தான் எங்கள் படம் முழுக்க நிற்கிறது. சுவர் வெள்ளையாகிவிட்டால் முன்பக்கக் காட்சியை எங்கே போய் எடுப்பது? கதை தொடங்குகிற இடமே இல்லாத படத்தை யார் பார்ப்பார்கள்? ராசிபுரத்தில் தறிக்காரர் மகளாகப் பிறந்து, வீட்டில் சண்டை போட்டு எடுக்க வந்த முதல் படம் அவளுக்கு.

“சாப்பிட்டுட்டு வந்து பார்ப்போம்” என்றாள்.

3. ஆட்டுக்காரர்

வாசல் வெறிச்சென்று தெரிய வேண்டும் என்று வேனைப் பின்னால் மோட்டார் ரூம் பக்கம் மறைத்து வைத்திருந்தோம். சாப்பாடும் அங்கேதான். பாவாயி அக்கா மட்டும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருகிறேன் என்று வீட்டுப் பக்கம் போனார். அவர் சேலையில் குத்திய லேப்பல் மைக் அப்படியே இருந்தது. பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்க்க நான் ஹெட்போனைக் கழற்றாமலே சாப்பிட உட்கார்ந்தேன். அம்மாபேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவன் நான். ஒரு காதில் ரசம், ஒரு காதில் வேலை என்பது பழகிப்போனது.

அப்போது ஹெட்போனில் ஓர் ஆண்குரல். எங்கள் ஆட்களில் யாரும் இல்லை.

“ஊட்டுல ஆருங்க?”

வளையல் சத்தம் சட்டென்று நின்றது. மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. அதற்கப்புறம் “வாங்க” என்றார் அக்கா. காலையிலிருந்து சொன்ன அதே ‘வாங்க’தான். ஆனால் இதன் அடியில் ஒரு நடுக்கம் ஓடியது. அடுத்து, கதவைப் பாதி இழுக்கும் சத்தம். அடுத்து, வீட்டுக்குள் பார்த்து உரக்க ஒரு கூப்பாடு:

“ஏனுங்க! ஆரோ வந்துருக்காங்க, சித்த வந்து பாருங்க!”

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. ஏனென்றால் வீட்டுக்குள் யாருமே இல்லை. மகள் துணி எடுக்கத் திருச்செங்கோடு போயிருந்தாள். அக்காவின் வீட்டுக்காரர் இறந்து வருடங்கள் ஆகின்றன.

எழுந்து ஓடினேன். நான் ஓடுவதைப் பார்த்து மொத்த யூனிட்டும் ஓடி வந்தது. ஆறுமுகம் எச்சில் கையோடு மைக் மாட்டும் பூம் கம்பை வேல்கம்பு மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார். வாசலில் நின்ற மனிதர் எங்களைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

“ஐயோ, ஆடு விக்கறதுக்கு இருக்குதுங்களான்னு கேக்கத்தானுங்க வந்தேன்!”

பாவாயி அக்கா அவருக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து அனுப்பினார். அவர் போன வேகத்துக்கு இனி அந்தப் பக்கம் ஆடு கேட்டு வருவார் என்று தோன்றவில்லை.

4. அக்கா போட்ட கண்டிஷன்

நான் கேட்டதை அக்காவை வைத்துக்கொண்டே தாரணியிடம் சொன்னேன். தாரணியின் கண் அகலமாகிக்கொண்டே போனது.

“அக்கா, உள்ள ஆரும் இல்லாதப்ப ஆரைக் கூப்பிட்டீங்க?”

“எங்க ஊட்டுக்காரரத்தான்” என்றார் அக்கா, ரொம்பச் சாதாரணமாக. “தோட்டத்துல தனியா இருக்கற பொம்பளைங்க எல்லாரும் பண்றதுதான் கண்ணு. உள்ள ஆம்பளை இருக்குதுன்னு நெனச்சுக்குவாங்கல்ல?”

“இதை அப்படியே படத்துல வெச்சுக்கலாமாக்கா? வாங்கன்னு சொல்லுங்க, உள்ள பார்த்துக் கூப்பிடுங்க. எனக்கு இதுக்கு மேல எதுவுமே வேண்டாம்!”

அக்கா உடனே தலையாட்டுவார் என்று நினைத்தோம். அவர் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றார்.

“படத்துல காட்டிட்டா எல்லாத்துக்கும் தெரிஞ்சு போயிருமே சாமி, பொம்பளைங்க கூப்புடறது சும்மாதான், உள்ள ஆருமில்லைன்னு. எம் புள்ளையவும் கட்டிக்குடுத்துட்டா நான் ஒருத்திதான் இங்க கெடப்பேன்.”

வெயில் சுவரை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. தாரணி அந்தச் சுவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஸ்கிரிப்டை மூடிவிட்டு, “அப்ப வேண்டாங்க்கா. பழைய மாதிரியே முயற்சி பண்ணலாம்” என்றாள். அந்த நிமிஷத்திலிருந்து அந்தப் பெண் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

அக்கா வாசல்படி வரை போய்த் திரும்பினார்.

“உள்ளிருந்து ஆராச்சும் பதில் சொன்னா?”

“என்னக்கா?”

“நான் கூப்பிட்டதும் உள்ளிருந்து ‘வாரேன்’னு ஒரு சத்தம் வந்தா? பார்க்கறவனுக்கு அப்பறம் ஒரு ரோசனை இருந்துட்டே இருக்குமில்ல, உள்ள ஆளு இருக்குதோ என்னமோன்னு?”

தாரணி போட்ட சத்தத்தில் புளியமரத்துக் காக்கை எல்லாம் பறந்தது. யோசித்துப் பாருங்கள். செத்துப்போன அப்பா உள்ளிருந்து பதில் சொல்கிறார்! நாங்கள் தேடிக்கொண்டிருந்த பயம் மொத்தமும் அந்த ஒரு சொல்லில் இருந்தது.

“மாதேசண்ணா, செருப்பைக் கழட்டுங்க. ஆனா மெதுவா. தங்கப்போற ஆளு மாதிரி. சவுண்டண்ணா, நீங்க உள்ள போங்க!”

ரெக்கார்டர் எப்போதும் என் மார்பில்தான் தொங்கும். அப்படியே உள்ளே போய் இருட்டு ரூமில் நின்றேன். ஆறுமுகம் பூம் பிடித்தார். நான் எப்போது பதில் சொல்வேன் என்று அக்காவுக்குச் சொல்லவில்லை. மாதேஸ்வரன் தண்ணீர் கேட்டார். “வாங்க” என்றார் அக்கா. ஒரு செருப்பு கழன்றது.

“ஏனுங்க! ஆரோ வந்துருக்காங்க, சித்த வந்து பாருங்க!”

நான் கொஞ்சம் விட்டு, வாய்க்குள்ளேயே சொன்னேன்: “வாரேன்.”

ஹெட்போனில் அக்காவின் மூச்சு நின்றது. நடிப்பில் நிற்கும் மூச்சை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். இது அது இல்லை. அவர் வாசலையும் வந்தவரையும் மறந்து வீட்டுக்குள்ளே திரும்பிப் பார்த்தார். மாதேஸ்வரன் ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுமையுமாகச் சிலை மாதிரி நின்றார். பிறகு மெதுவாக இரண்டாவதையும் கழற்றினார். கட் சொல்லத் தாரணிக்கு வாய் வரவில்லை. கேமராவை நிறுத்திய பிறகுதான் கை தட்டினோம். தாரணி ஆறுமுகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள்.

அந்த ஆரவாரத்தில் அக்கா என் பக்கத்தில் வந்து, “இன்னொருக்கா சொல்லுங்க சாமி” என்றார்.

“டேக் ஓகே ஆயிருச்சுங்க்கா. போதும்.”

“படத்துக்கில்ல.”

சொன்னேன்.

5. அலமாரி மேல் ஒரு டப்பா

படம் சேலத்தில் ஒரு தியேட்டரில் ஓடியபோது கடைசி வரிசையில் நின்று பார்த்தேன். அக்கா “ஏனுங்க” என்று கூப்பிட்டதும் பெண்கள் பக்கமிருந்து குபீரென்று சிரிப்பு. அவர்களுக்குத் தெரியும், நாமும் இதைத்தானே செய்கிறோம் என்று. அடுத்த நொடி ‘வாரேன்’ வந்தது. சிரித்த தியேட்டர் கப்பென்று அடங்கியது. அது என் குரல்தான் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது.

வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மைக் வைக்கவும் லெவல் பார்க்கவும் யாரும் கற்றுக்கொள்ளலாம். ஒருவர் பேசும்போது அது யாரைக் கூப்பிடுகிற குரல் என்றும் கேட்டுப் பழகுங்கள். கேட்டதை எடுத்துக்கொள்வதற்கு முன்னால் அவரிடம் சம்மதம் கேளுங்கள். நாங்கள் கேட்டதால்தான் அந்தக் காட்சியே கிடைத்தது.

மகள் கல்யாணத்துக்குப் போனபோது அக்காவுக்கு ஒரு சின்ன புளூடூத் ஸ்பீக்கர் வாங்கிப் போனேன். நான் சொன்ன அந்த ‘வாரேன்’ பதிவை அவர் போனில் ஏற்றியும் கொடுத்தேன். ஸ்பீக்கர் உள் ரூம் அலமாரி மேல் உட்கார்ந்திருக்கிறது. தெரியாத ஆள் வந்து நின்றால் அக்கா கூப்பிடுவார், முந்தானைக்குள் போனை அழுத்துவார். உள்ளிருந்து நான் “வாரேன்” என்பேன். சில நாள் யாரும் வராதபோதும் அழுத்துவதுண்டு என்று மகள் சொன்னாள்.

இதை எழுதலாமா என்று போனில் கேட்டேன்.

“எழுதுங்க சாமி, அதுக்கென்ன. ஊர் பேர மட்டும் போட்றாதீங்க. உள்ள இருக்கறவரு கோவிச்சுக்குவாரு” என்றார் அக்கா.