எந்தப் புதுசு?

தட்டில் கறுத்த ரை ரொட்டியை எடுத்து வைத்தபடியே இங்கெலிஸ் கேட்கிறாள்: “புதுசா? எந்தப் புதுசு?”

எதிரே நிற்பவன் யெப்பெ, கைப்பேசிச் செயலியை எழுதுகிறவன். “நேத்து வச்ச பதிப்புதான்.”

“நேத்து காலையில ஒண்ணு வச்ச, சாயங்காலம் ஒண்ணு வச்ச. கைரேகையைச் சொல்லுடா.”

ஓடென்ஸ் நகரில் காதுக்கருவி செய்யும் கம்பெனி இது. நான் சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறுகிறேன். இந்தப் பேச்சைத் தினமும் கேட்கிறேன். கருவிக்குள் ஓடும் நிரலை ஓர் அறையில் எழுதுகிறார்கள். செயலியை இன்னோர் அறையில், மருத்துவமனையில் கருவியைப் பொருத்தும் நிரலை மூன்றாவது அறையில். மூன்றுக்கும் நிரலைச் சேர்த்துவைக்கத் தனித்தனிக் களஞ்சியம்; ஒவ்வொன்றும் தன் வேகத்தில் மாறும். எதனுடைய எந்த நிலை மற்ற இரண்டோடு ஒத்துப்போகும் என்று பிடித்துவைப்பது இங்கெலிஸின் வேலை. பதிப்பின் பெயரை அவள் நம்புவதில்லை. அது யார் வேண்டுமானாலும் ஒட்டுகிற சீட்டு. ஒவ்வொரு நிலைக்கும் கணினியே தரும், நிரலில் ஓர் எழுத்து மாறினாலும் தானும் மாறிவிடும் நீண்ட எழுத்துவரிசைதான் அவளுக்குக் கைரேகை.

அவளுக்கும் காது மந்தம். எந்தப் பதிப்பும் முதலில் அவள் காதில்தான் ஓடும். கூட்டத்தில் பேச்சு பிடிக்காவிட்டால் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு புன்னகைப்பாள்.

போன வியாழன் பிற்பகல், சோதனைக்குச் சம்மதித்த முதியவர்களின் கருவிகளுக்குப் புதுப் பதிப்பு போகவேண்டியிருந்தது. கைரேகை நீளமாக இருக்கிறதென்று எல்லோரும் நச்சரித்ததில், அந்த ஒருமுறை பட்டியலில் பதிப்புப் பெயர்களை மட்டும் எழுத விட்டிருந்தாள். புதுப் பதிப்பு ஓடும் கருவிகளோடு மதியச் சாப்பாட்டு வரிசையில் நின்று கைப்பேசியில் ஒலியைக் கொஞ்சம் கூட்டினாள். தட்டு கீழே விழுந்தது. கருவிகளைப் பிடுங்கி எறிந்தாள். தரையில் கிடந்தும் அவை கிறீச்சிட்டன.

யெப்பெயின் முகம் வெளுத்தது. சோதித்து முடித்தபின் செயலியில் ஒன்றைத் திருத்தி, பழைய பெயரையே உரித்து அதன்மேல் ஒட்டியிருந்தான். செயலி கொஞ்சம் என்று சொன்ன ஒலியளவு கருவிக்கு உச்ச அளவாகிவிட்டது.

“சின்ன மாத்தம்தானே, அதுக்கு எதுக்குப் புதுப் பேருன்னு...”

“சத்தமாப் பேசு, கேக்கல.” காதைத் தேய்த்தபடி மேலாளரிடம் திரும்பினாள். “இன்னைக்கு எதுவும் போகாது.”

“ஆஸ்பத்திரியில காத்திட்டிருக்காங்க, இங்கெலிஸ்.”

“இருக்கட்டும். நான் பிடுங்கி எறிஞ்சேன். அவங்க கைக்கு அந்த வலு இருக்கா?”

மேலாளர் ஆஸ்பத்திரியைக் கூப்பிடக் கைப்பேசியை எடுத்தார். பதிப்பு போகவில்லை.

தப்பு செய்தவர் கேக் கொண்டுவருவது இங்கே வழக்கம். மறுநாள் யெப்பெ ஆப்பிள் கேக்கோடு வந்தபோது மேசையில் ஏற்கெனவே ஒரு சாக்லேட் கேக் இருந்தது.

“இது யாரோடது?”

“என்னோடது. பேரை எழுத விட்டது நான்தானே? உன்னோடதவிட நல்லா உப்பியிருக்கு, பாரு.”

ஒத்துப்போகும் மூன்றின் கைரேகைகளையும் பட்டியலில் எழுதி முடித்துவிட்டு வந்திருந்தாள். கருவிகளை மாட்டிக்கொண்டாள். கேக்கை வெட்டப் போன கத்தி யெப்பெயின் கையில் அப்படியே நின்றது. ஒலிப் பொத்தான்மேல் அவள் விரல் சற்றுத் தயங்கியது, பிறகு அழுத்தினாள். என்னிடம் கோப்பையை நீட்டிவிட்டுக் கண்களை மூடிக்கொண்டாள். நான் காப்பி ஊற்றினேன். கோப்பை நிரம்பி ஊற்றும் சத்தம் மாறி வருகையில், கண்ணைத் திறக்காமலே, போதும் என்று கையைத் தூக்கினாள்.