பெல்ட் அறுந்து கிடைத்த பேச்சுத்துணை

போன மாதம் ஹட்டனிலிருந்து வட்டவளைக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். பாதி வழியில் கார் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் சும்மா சுற்றுகிறது, பிடிக்கவில்லை.

எங்கள் மலைநாட்டில் வண்டி நின்றால் மெக்கானிக்கைத் தேட மாட்டோம். இறக்கத்தைத் தேடுவோம். உருட்டிவிட்டு, செகண்ட் கியர் போட்டு, கிளச்சை விட்டால் உயிர் வந்துவிடும் என்று அப்படியொரு நம்பிக்கை! தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்துகொண்டிருந்த பெண்கள் நாலைந்து பேர் நின்றார்கள்.

“என்னாச்சுங்க சார்? கியர போடுங்க, நாங்க தள்ளுறோம்.”

தள்ளினார்கள். கிளச்சை விட்டேன். உள்ளே கடகடவென்று ஏதோ இடித்தது. இன்னொரு தடவையும் தள்ளிப் பார்த்தோம்... ம்ஹூம்.

ஆனாலும் அன்று மனசுக்கு இதமாக இருந்தது. மனைவி இறந்து ஒரு வருஷமாகிறது. மகன் வெளிநாட்டில். இத்தனை நாளில் என்னிடம் ‘என்னாச்சு’ என்று கேட்டவர் கிடையாது. கார் பழுதானால் நாலு பேர் நிற்கிறார்கள். ஆள் பழுதானால்?

ஒரு லொறியில் கயிறு கட்டி, ஹட்டனில் நவ்பர் பாஸின் கராஜுக்கு இழுத்துப்போனேன். எங்கள் பக்கம் மெக்கானிக் என்றால் ‘பாஸ்’தான். திறந்து பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார்.

“டைமிங் பெல்ட் அறுந்திருக்கு சார். அப்படியே விட்டிருந்தா ரெண்டு மூணு வால்வோட போயிருக்கும். தள்ளி ஸ்டார்ட் பண்ணீங்களா?”

“ஆமா பாஸ்.”

“இப்ப எல்லா வால்வும் வளைஞ்சு போச்சு. இஞ்சின் ஹெட்ட கழட்டி கண்டிக்கு அனுப்பணும். நாளாகும்.”

நாளாகும் என்றால் மற்றவர்கள் சண்டைக்குப் போவார்கள். நான் “அவசரமே இல்ல” என்றேன். அவருக்கே ஆச்சரியம்.

மறுநாளிலிருந்து காலை பஸ்ஸில் கராஜுக்குப் போக ஆரம்பித்தேன் — வேலையை மேற்பார்வை பார்க்கிறேனாம்! பழைய டயர்மேல் உட்கார்ந்து பால் ஊற்றாத இஞ்சி பிளேன்டீ குடிப்பேன். விலைவாசி, விடாத மழை, நவ்பரின் மகளுக்கு வந்த வரன்... எல்லாவற்றிலும் நான் ஒன்று சொல்வேன், அவர் மறுத்துப் பேசுவார். வீட்டில் என் பேச்சை மறுக்க யார் இருக்கிறார்கள்? ரேடியோகூடத் தன்பாட்டுக்குப் பேசுகிறது.

ஒருநாள் போன் வந்தது. “சார், வண்டி ரெடி. வந்து எடுங்க.”

சந்தோஷப்பட வேண்டிய செய்திதானே? நான் “நாளைக்கு வரட்டுமா பாஸ்?” என்று கேட்டேன்.

இஞ்சின் புதுசு போல ஓடியது. வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். அந்த வாரம் யாரோடும் நான் பேசவில்லை. போவதற்கு ஓர் இடம் இருந்தால்தானே வண்டி?

பொறுக்க முடியாமல் திங்கட்கிழமை காலை கராஜுக்கே ஓட்டிப்போனேன்.

“இஞ்சின்ல ஒரு சத்தம் வருது பாஸ்.”

பொனட்டைத் திறந்து காதைக் கொடுத்தார். “ஒண்ணும் இல்லையே சார்.”

“சூடாறி இருக்கும்போது மட்டும்தான் வருது.”

பச்சைப் பொய். நவ்பர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இஞ்சினை நிறுத்திவிட்டு, ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

“அப்ப ஆறட்டும். உக்காருங்க சார், டீ சொல்றேன்.”

நல்லவேளை, ஹட்டன் குளிரிலும் அந்த இஞ்சின் ஆற மத்தியானம் ஆகிவிட்டது.