டத்தோவுக்குப் பஞ்சாமிர்தம்

"எழுந்திரு டத்தோ. படுத்தே கெடந்தா ஒனக்கு யாரு மால போடுவா?"

நெருப்பு மூட்டுவதற்கு முன் இன்ஜினை ஒரு சுற்றுச் சுற்றி வந்து திட்டுவது சிட்டாளின் வழக்கம். ஒரு கையில் டார்ச், மறு கையில் டீசலில் நனைத்த பழந்துணி. சக்கரத்துக்கு ஒரு திட்டு, அச்சுக்கு ஒரு திட்டு, புகைபோக்கிக்குத் தனியாக இரண்டு. இன்ஜினின் பித்தளைத் தகட்டில் ஏதோ ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் பெயர் பொறித்திருக்கிறது. சிட்டாளுக்கு அது டத்தோதான், சுல்தான் கையால் பட்டம் வாங்கிய பெரிய மனிதர். கேட்டால் காரணமும் வைத்திருக்கிறாள்.

"தின்னுறது மூட்ட மூட்டயா. விடுறது பூரா பொக. போறது ஒன்னேகா மைலு. ஆனா வந்து நின்னா எல்லாரும் கைதட்டுறாங்கல்ல. வேற என்ன பேரு வைக்கிறது?"

காம்பார் ஊரைத் தாண்டி உள்ளே இருக்கும் பெல்டன் தோட்டத்தில் ஒரு காலத்தில் ரப்பர் பால் ஏற்றிப் போன குட்டி ரயில் அது. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே இரண்டடிதான். ஓர் ஆடு குறுக்கே படுத்தால் ஒரு பக்கம் தலை இடிக்கும், மறு பக்கம் வால் இடிக்கும். ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தபோது பாதையில் பெரும்பகுதி பழைய இரும்புக்குப் போய்விட்டது. மிஞ்சிய துண்டைப் பன்னிரண்டு பேர் சங்கம் வைத்துக் காப்பாற்றி, மாதத்தில் இரண்டு ஞாயிறு ரயில் ஓட்டுகிறார்கள். பன்னிரண்டு பேரும் ஆண்கள். இன்ஜின் எந்தக் கப்பலில் வந்தது, எந்தத் துரை அதில் ஏறி எங்கே விழுந்தான் என்பதுவரை மணிக்கணக்கில் சொல்வார்கள். நீராவிக் கொதிகலனைக் கையாளும் லைசென்ஸ் மட்டும் ஒருவரிடமும் கிடையாது.

அது சிட்டாளிடம் இருந்தது. ஈப்போவில் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருடம் பாய்லர் பார்த்தவள். நோயாளிகளின் படுக்கை விரிப்பை எல்லாம் வேகவைத்து, ஓய்வு பெற்று, குனோங் ராபாட்டில் இருக்கும் வீட்டில் கணவர் அடைக்கப்பனோடு உட்கார்ந்து ஒரு மாதம் தொலைக்காட்சித் தொடர் பார்த்தாள். இரண்டாவது மாதம் சங்கத்துக்காரர்கள் வந்து கேட்டபோது, அவர்கள் பேசி முடிப்பதற்குள் செருப்பை மாட்டிவிட்டாள்.

சிட்டாளின் உறவுக்காரர்களில் நகைக்கடைக்காரர்கள் உண்டு. செட்டியார் வீட்டு ஆச்சி ஐம்பத்தெட்டு வயதில் முகமெல்லாம் கரியோடு நிற்பது அவர்களுக்குக் கூச்சம். "நீங்க வைரத்தத் தொடைக்கிறீங்க, நான் பித்தளையத் தொடைக்கிறேன். ரெண்டும் யாரோ பாக்கத்தானே" என்று அவள் சொன்னதிலிருந்து அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

சங்கத்துக்காரர்களுக்கு அவளால் வேறு கூச்சங்கள். பாய்லரின் வெந்நீரை வாளியில் பிடித்து அதில் முட்டை அவிப்பாள். சூடு வீணாகக் கூடாது என்று அடைக்கப்பனின் கைலிச் சாரங்களைத் துவைத்துக்கொண்டு வந்து இன்ஜினின் பக்கக் கம்பியில் உலரப் போடுவாள். வெளிநாட்டிலிருந்து பழைய ரயில்களைப் படம் பிடிக்க வந்த ஒருவர் எடுத்த மிக நல்ல படத்தில், புகைக்கு நடுவே நீலக் கட்டம் போட்ட சாரம் ஒன்று கொடிபோலப் பறக்கிறது. சங்கச் செயலாளர் ராமகிருஷ்ணன் அந்தப் படத்தைச் சட்டம் போடாமல் மேசை இழுப்பறையில் கவிழ்த்து வைத்திருக்கிறார்.

ராமகிருஷ்ணன் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர். ஒடிசலான உடம்பு, நெற்றி நிறையத் திருநீறு. சிட்டாள் டத்தோவைத் திட்டும்போதெல்லாம் அவர் கன்னத்தில் போட்டுக்கொள்வார். "வயசான இன்ஜின் ஆச்சி. அதுக்கும் உசுரு இருக்கு" என்பார். "உசுரு இல்ல சார், துருதான் இருக்கு" என்பாள் அவள்.

போன மாதம் அந்தத் துருவுக்கே கெடு வந்தது. பாய்லருக்கு வருடாந்திரச் சான்றிதழ் முடியும் நாள் அந்த மாதக் கடைசி வெள்ளி. அன்று மாலைக்குள் புதுச் சான்றிதழ் இல்லையென்றால் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று தோட்ட நிர்வாகத்தின் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. பாதை ஓரத்தில் செம்பனைக் கன்றுகளைக் கறுப்புப் பைகளில் வரிசையாக இறக்கிவைத்துவிட்டார்கள். சிட்டாள் அந்தக் கன்றுகளையும் திட்டினாள். "இது போச்சுன்னா நான் திரும்ப அந்த மனுசன் பக்கத்துல உக்காந்து சீரியல் பாக்கணும். அதுல ஒருத்திக்கு இன்னும் கல்யாணமே முடியல."

சோதனை அதே வாரம் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. ஐந்தரைக்கே சிட்டாள் வந்து சேர்ந்தாள். வழக்கமான சுற்றில், தண்ணீர்த் தொட்டியின் மேல் செவ்வெறும்பு சாரை சாரையாகப் போவது தெரிந்தது. "என்ன டத்தோ, சீனி வியாதியா?" என்று கேட்டுவிட்டு ரப்பர் விறகை அடுக்கினாள்.

ஒன்பதரை மணிக்குள் அழுத்தமானி அறுபது பவுண்டைத் தொட்டது. இன்ஜெக்டரைத் திறந்தாள். தொட்டித் தண்ணீரை நீராவியின் வேகத்தாலேயே பாய்லருக்குள் தள்ளும் கருவி அது. ஐந்து நிமிடம் பாடிக்கொண்டிருந்தது. பிறகு விக்கியது, துப்பியது, நின்றது. அடுத்த பக்கத்து இன்ஜெக்டரும் அதேபோல விக்கி நின்றது. பாய்லரிலிருந்து பாயசம் அடிப்பிடித்த வாசனை வந்தது.

இன்ஜெக்டரின் வடிகட்டியைக் கழற்றி உள்ளங்கையில் தட்டினாள். வெள்ளையாக ஒரு கட்டி விழுந்தது. அதன் நடுவில் ஊறிப் பெருத்த திராட்சை ஒன்று. மோந்து பார்த்தாள்.

"சார், இங்க வாங்க. நேத்து சாயங்காலம் இங்க யாரு வந்தா?"

ராமகிருஷ்ணன் திராட்சையைப் பார்த்தார். தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

"சோதன நல்லபடியா முடியணும்னு வேண்டிக்கிட்டேன் ஆச்சி. சின்னதா ஒரு அபிஷேகம். பாலு, தயிரு, கொஞ்சம் பஞ்சாமிர்தம்."

"மேல ஊத்த வேண்டியதுதானே. தொட்டிக்குள்ள எதுக்கு?"

"மேல ஊத்தினா பெயிண்டு போயிடும்னு நீங்கதானே சத்தம் போட்டீங்க."

"தொட்டி வாயில சல்லட இருந்திச்சே?"

"பிரசாதம் அதுல தங்கிடக் கூடாதுன்னு கழட்டிட்டுத்தான் ஊத்தினேன்." குரல் இன்னும் இறங்கியது. "நூறு வருசம் பால் ஏத்தின ரயில்தானே ஆச்சி."

"அது வண்டியில ஏத்தினது. யாரும் வயித்துல ஏத்தல."

அந்த நேரம் பார்த்துச் சோதனை அதிகாரியின் கார் செம்மண் பாதையில் திரும்பியது. அதிகாரி ஹாபிஸுக்கு முப்பது வயது இருக்கும். தைப்பிங்கில் சாப்பாட்டுக் கடை நடத்தும் குடும்பம். சட்டை வெள்ளை வெளேரென்று இருந்தது. நூற்றிருபது பவுண்டு ஏறியதும் பாதுகாப்பு வால்வு தானாகத் திறந்து நீராவியை வெளியே விட வேண்டும். அதைக் கண்ணால் பார்த்தால்தான் அவர் கையெழுத்துப் போடுவார். அழுத்தமானி நூறைத் தாண்டிக்கொண்டிருந்தது.

ராமகிருஷ்ணன் அவள் காதருகே வந்தார். "கண்ணாடியில பாதி தண்ணி தெரியுது ஆச்சி. இன்னும் கா மணி நேரந்தான். வால்வு தெறந்துடும், அவரு போட்டுட்டுப் போயிடுவாரு. சமாளிங்க."

பாய்லரின் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாயில் உண்மையிலேயே பாதி தெரிந்தது. சிட்டாள் அதன் அடியில் இருக்கும் குழாயைத் திறந்து மூடினாள். வெளியே வந்தது சோப்பு நுரைபோல் இருந்தது. கண்ணாடியில் மட்டம் எழும்பியது, இறங்கியது, மறுபடி எழும்பியது. சலவைக்கூடத்தில் ஒரு முறை பாய்லர் தண்ணீரில் சோப்பு கலந்தபோது இதைப் பார்த்திருக்கிறாள். நுரைக்கு அடியில் தண்ணீர் எவ்வளவு என்று அந்தக் கண்ணாடிக்கே தெரியாது.

அவள் கறுப்புப் பைகளில் நின்ற கன்றுகளை ஒரு முறை பார்த்தாள்.

"அது தண்ணி இல்ல சார், நொர. குழா பூரா அடச்சிருக்கு, புதுத் தண்ணியும் உள்ள போகாது. தண்ணி இல்லாத பாய்லரு பாய்லரு இல்ல, குண்டு. அந்தப் பையன் பக்கத்துலதான் நிக்கிறான், நீங்களும் நிக்கிறீங்க."

சொல்லிக்கொண்டே நீண்ட இரும்பு வாருகோலை எடுத்து நெருப்பை இழுத்தாள். கொழுந்துவிட்ட விறகும் செம்பனைக் கொட்டை ஓடுகளும் தரையில் கொட்டின. ஹாபிஸ் நாலடி பின்னால் துள்ளினார். அழுத்தத்தைக் குறைக்க அவள் வால்வைக் கையால் இழுத்துத் திறந்தபோது நீராவியோடு வெண்ணிற நுரை வானத்துக்குப் போய், மெதுவாக இறங்கி, சட்டை, கோப்பு, கார் என்று பாரபட்சமில்லாமல் படிந்தது. கோயில் வாசனை அடித்தது.

ஹாபிஸ் தோளிலிருந்து சிறிது வழித்துப் பார்த்தார். பிறகு வடிகட்டியைப் பார்த்தார்.

"அக்கா, என்ன இது? தண்ணியில கிஸ்மிஸ் இருக்கு."

ராமகிருஷ்ணனுக்குத் திருநீறு அழியும் அளவுக்கு வேர்த்திருந்தது. வாயைத் திறக்கப் போனார். சிட்டாள் முந்திக்கொண்டாள்.

"பழைய டிசைன் தம்பி. அந்தக் காலத்துல அப்படித்தான்."

ஹாபிஸ் கோப்பில் படிந்த நுரையைத் துடைத்தார். "எங்க வாப்பா கடையில பிரியாணிக்கும் இதே டிசைன்தான்" என்றார். படிவத்தில் எழுதினார்: தண்ணீர் சுத்தமில்லை, சோதனை நடக்கவில்லை, பொறுப்பாளர் தகுந்த நேரத்தில் நெருப்பை அகற்றினார். "வெள்ளிக்கிழம காலையில எட்டு மணிக்கு வாரேன். பதினொன்னரைக்கு நான் கிளம்பிடுவேன், தொழுகை இருக்கு. அதுக்குள்ள வால்வு தெறக்கலன்னா என்னால ஒன்னும் செய்ய முடியாது."

அடுத்த இரண்டு நாளும் கழுவல்தான். பாய்லர் ஆறியதும் அடிச் செருகிகளைக் கழற்றி, குழாய் வைத்து, மூன்று முறை கழுவி, சோடா போட்டுக் காய்ச்சி, மறுபடியும் கழுவினார்கள். தொட்டியின் வாயில் நுழையக்கூடிய தோள் ராமகிருஷ்ணனுக்குத்தான் இருந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தலைகீழாக இறங்க, சிட்டாள் அவருடைய கால்களைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னா சார் தெரியுது உள்ள?"

"ரெண்டு முந்திரி ஆச்சி."

"மூலையில பாருங்க. வாழப்பழம் இருக்கும். வாரி எடுங்க. வெள்ளிக்கிழம வெறுங்கையோட வரணும். பூ கூடாது, பால் கூடாது, குங்குமம் கூடாது. மனசுல வேண்டிக்கிட்டாப் போதும், சத்தமில்லாம."

வெள்ளிக்கிழமை நெருப்பு லேசில் பிடிக்கவில்லை. முந்தைய நாள் மழையில் விறகு நனைந்திருந்தது. எட்டு மணிக்கு வந்த ஹாபிஸ், இந்த முறை கறுப்புச் சட்டையில், ஒரு விறகுக் கட்டையில் உட்கார்ந்து சிட்டாள் அவித்துக் கொடுத்த முட்டையைத் தின்றார். பத்து மணிக்கு அறுபது. இன்ஜெக்டர் இரண்டும் தடுக்காமல் பாடின. பதினொன்றுக்கு நூற்றுப் பத்து. அதற்குமேல் ஊசி நகர மறுத்தது. சிட்டாள் நெருப்புக் கதவுக்குமுன் குந்தி உட்கார்ந்து, உலர்ந்த கொட்டை ஓடுகளைக் கை கையாகப் பொறுக்கி வீசினாள். திட்டவில்லை. அவள் திட்டாததைக் கண்டுதான் ராமகிருஷ்ணன் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

பதினொன்று இருபத்தைந்துக்கு வால்வு திறந்தது. செம்பனைத் தோப்பில் இருந்த பறவைகள் எல்லாம் கிளம்பின. ஹாபிஸ் அழுத்தமானியைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், இன்ஜினின் பக்கத்திலேயே படிவத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். "பழைய டிசைன் பரவாயில்லக்கா" என்று சொல்லிவிட்டுக் காருக்கு ஓடினார்.

ராமகிருஷ்ணன் மெல்லத் தன் மோட்டார் சைக்கிளுக்குப் போனார். இருக்கைக்கு அடியிலிருந்து மஞ்சள் பூசிய தேங்காய் ஒன்றை எடுத்தார். அதை நீட்டவும் முடியாமல், மறைக்கவும் முடியாமல், இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு நின்றார்.

சிட்டாள் கரிக் கையை நீட்டினாள். "குடுங்க."

வாங்கியவள் இன்ஜினுக்கு முன்னால் போய்க் குனிந்து, தண்டவாளத்தில் ஒரே போடு போட்டாள். தேங்காய் சரிபாதியாகப் பிளந்தது. சிந்தாமல் ஒரு மூடியில் ஏந்திய தண்ணீரை, கண் மூடிக் கைகூப்பி நின்ற ராமகிருஷ்ணனுக்கு எதிரிலேயே அண்ணாந்து ஒரே மடக்காகக் குடித்தாள். மூடிக்குள் எட்டிப் பார்த்தாள். தொட்டிக்குள் சிந்த ஒரு சொட்டும் இல்லை என்று தெரிந்ததும், அந்தத் தேங்காய் மூடியைத் தொட்டி மூடியின்மேல் கவிழ்த்து வைத்தாள்.