செல்லம்மா அத்தைக்கு ஒரு கட்டம்

"ஐயா, உங்ககூடப் பொறந்தவங்க எத்தன பேரு?"

திண்டுக்கல் லைப்ரரியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நூலகர் அம்மா கேட்ட சாதாரணக் கேள்விதான் இது. அதற்குப் பதில் சொல்ல எங்கள் சித்தப்பா போன வாரம் பட்ட பாடு இருக்கிறதே...

விஷயம் இதுதான். எங்கள் பாட்டனாரின் தம்பி ஒருவர் அந்தக் காலத்தில் மலேயாவுக்குக் கப்பல் ஏறியவர். போனவர் போனவர்தான். பழைய கப்பல் பட்டியல், பிறப்பு இறப்புப் பதிவு எல்லாம் திரட்டி வைத்திருக்கும் வெப்சைட் ஒன்றை லைப்ரரியில் இலவசமாகப் பார்க்கலாம் என்று கேள்விப்பட்டேன். விடுவேனா? ஆனால் அவரைத் தேடும் முன் நம் வம்சத்தைக் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டுமாம். பெயரெல்லாம் தெரிந்த ஒரே ஆள் நிலக்கோட்டைச் சித்தப்பா. மல்லிகையை மார்க்கெட்டில் போட்டுவிட்டு, பூ வாசத்தோடேயே பஸ் ஏறி வந்துவிட்டார்.

ஐந்து தலைமுறைப் பெயர்கள் மடமடவென்று வந்தன. நூலகர் அம்மாவுக்கு டைப் அடித்து மாளவில்லை. பிறகுதான் அந்தக் கேள்வி.

"மூணு பேரு" என்றார். சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். "இல்ல, ரெண்டு. இவங்கப்பாவும் நானும்."

"மூணுன்னீங்களே?"

"ஒண்ணு செத்துப்போச்சு."

"எந்த வருஷம்ங்கய்யா?"

சித்தப்பா விட்டத்தைப் பார்த்தார்.

எந்த வருஷம் என்று எப்படிச் சொல்வார்? செல்லம்மா அத்தைதான் பாலசமுத்திரத்தில் நன்றாக இருக்கிறாரே! நாற்பது வருடத்துக்கு முன் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு போனார். தாத்தா அன்றைக்கே கிணற்றடியில் தலைமுழுகினார். தாத்தா போய்ச் சேர்ந்த பின்னும் அந்த வீறாப்பைக் காவல் காத்தவர் சித்தப்பா. வருஷா வருஷம் பழனிக்குப் பாதயாத்திரை போவார்... பக்கத்திலிருக்கும் பாலசமுத்திரத்தை எட்டிப் பார்த்ததில்லை.

"எனக்கு அவ செத்துட்டா. அம்புட்டுதான்."

நூலகர் அம்மா திரையை மேலும் கீழும் பார்த்தார். "ஐயா, 'எனக்கு'ன்னு இதுல கட்டம் இல்லையே. இருக்காங்க, இல்லன்னா இறந்துட்டாங்க. ரெண்டுதான். இறந்துட்டாங்கன்னே போட்டுரவா?"

மவுஸ் நகர்ந்தது.

"ஏ, இரு தாயி! உசுரோட இருக்கவள எதுக்குக் கொல்ற?"

லைப்ரரியே திரும்பிப் பார்த்தது. சித்தப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இருக்கான்னே போடு."

"சரிங்கய்யா. அவங்க பிள்ளைக பேரு?"

தெரியாது. தாய்மாமனுக்குத் தெரியாது!

சித்தப்பா என்னைப் பார்த்தார். "கம்ப்யூட்டரே கேக்குறப்ப நாம என்னப்பு செய்ய? ஒரு போனப் போடு" என்றவர், பத்து இலக்கத்தையும் பாராமல் சொன்னார். யாரிடம் வாங்கினார், எத்தனை நாளாக வைத்திருந்தார்... நான் கேட்கவில்லை. செத்தவர்களின் போன் நம்பரை யாராவது மனப்பாடம் செய்து வைப்பார்களா?

வெளியே வாசற்படியில் நின்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏனுங்க, யாருங்க?" அத்தையின் பேச்சே பழனிப் பக்கப் பேச்சாக மாறியிருந்தது.

"செல்லம்மா... லைப்ரரில இருந்து பேசுறேன்."

பதில் வருமுன்னே சித்தப்பா அவசரமாகத் தொடர்ந்தார்.

"கம்ப்யூட்டர் கேக்குது. ஒனக்கு எத்தன பிள்ளைக?"

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அன்று ஆடியது சித்தப்பாவின் தாடை.

அத்தை குரலை அடையாளம் கண்டுவிட்டார். "கம்ப்யூட்டருக்கெல்லாம் சொல்ல மாட்டனுங்க. எங்க அண்ணன் நேர்ல வந்து கேட்டாச் சொல்றேன்."

மறுநாள் காலையில் மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய மல்லிகையில் ஒரு பொட்டலம் பாலசமுத்திரத்துக்குப் போனது. கூடவே சித்தப்பாவும்.

மலேயாத் தாத்தா இன்னும் கிடைக்கவில்லை. கடல் தாண்டிப் போனவரைத் தேடி ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறோம். ஒரு பஸ் தூரத்தில் இருப்பவரை 'இல்லை' என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். என்ன கணக்கோ!

நேற்று போன் செய்தேன். சித்தப்பா இன்னும் பாலசமுத்திரத்தில்தான். அத்தைக்கு இரண்டு பிள்ளைகள், மூன்று பேரப்பிள்ளைகள். "அஞ்சு பேரு எழுத நாலு நாளா சித்தப்பா?"

"நெதானமா எழுதுவோம்ப்பு. கம்ப்யூட்டர் எங்க ஓடிப் போகுது?"