மாமாவின் நிறை

சுன்னாகம் சந்தையில் வெங்காய மூட்டை நிறுப்பது மாமாவின் வேலை. அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியபோது வெங்காயத் தூசிதான் காரணம் என்றார்கள். பெரியாஸ்பத்திரி டொக்டர் அப்படிச் சொல்லவில்லை. கழுத்து நரம்பைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், கணுக்காலைப் பெருவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"இருதயம் இறைக்கிறது காணாது, அம்மா. தண்ணி இறைக்கிற மிசின் இழுக்காட்டில் கிணறு நிரம்பித்தானே நிக்கும்? உடம்பிலை தண்ணி நிக்குது" என்றார் மாமியிடம்.

அவர் சொன்னவை மூன்று. உப்பைக் குறைக்க வேண்டும். தண்ணீர் போகிற குளிசையைத் தவறாமல் போட வேண்டும். தினமும் தேநீருக்கு முன் நிறை பார்த்து, இரண்டு கிலோ ஏறினால் உடனே கூட்டிவர வேண்டும்.

எண்ணெய் இல்லாமல் பஸ் ஓடாத யுத்த காலம். எல்லோரும் களைத்திருந்தார்கள். மாமாவைச் சைக்கிள் கரியரில் ஏற்றி மாமிதான் ஆறு மைல் மிதித்தார். திரும்பும் வழியில் ஹெலிகொப்டர் மேலிருந்து சுட, இருவரும் மதகுக்குக் கீழே கிடந்து எழும்பி வந்தார்கள்.

ஆளை நிறுக்க வீட்டில் ஒன்றுமில்லை. மாமா சந்தையிலிருந்து மூட்டை நிறுக்கும் தொங்கு தராசை வாங்கி வந்து மாங்கொப்பில் கட்டி, அதன் கொளுக்கியில் ஊஞ்சல் பலகையைத் தொங்கவிட்டார். பக்கத்து வீட்டிலிருந்த எனக்கு ஒன்பது வயது. கொப்பியில் கோடு போட்டுத் திகதி, நிறை, குளிசை என்று எழுதுவது என் பொறுப்பு.

முதல் வாரம் முழுக்க ஐம்பத்தாறு. அடுத்த திங்கட்கிழமை முள் ஐம்பத்தெட்டில் நின்றது. மாமா மெல்லக் கால்விரலை நிலத்தில் ஊன்றினார். முள் ஐம்பத்தாறுக்கு இறங்கியது.

"கமக்காரன்ரை மூட்டைக்குக் கீழை ஏவாரி முழங்காலைக் குடுக்கிற வித்தை இதுதான், பிள்ளை," என்றார். வியாபாரி முழங்காலால் தாங்கினால் மூட்டையின் நிறை குறையும், விவசாயிக்குக் காசும் குறையும்.

"நீங்கள் கள்ளன், மாமா!"

"ஓமடி, கள்ளன்தான். மாமிக்குச் சொல்லிப்போடாதை."

ஐந்து நாள் ஐம்பத்தாறு எழுதினேன். விரல் போய் முழுப் பாதமும் நிலத்தில் பதிந்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இன்று இதயப் பிரிவில் வேலை செய்கிற எனக்கு அந்த ஐந்து வரிகளுக்குள் என்ன இருந்தது என்று தெரியும்: ஐந்து லீற்றர் தண்ணீர்.

மாமாவால் படுக்க முடியவில்லை, சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே கண்ணயர்ந்தார். செருப்பு காலில் ஏறவில்லை. மாமி கொப்பியைப் புரட்டிப் பார்த்தார்.

"நிறை ஏறேல்லையே. பிறகேன் உப்பிடி மூச்சு வாங்குது?"

நான் பென்சிலைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

சனிக்கிழமை காலை மாமாவால் ஒரு சொல்லுக்குமேல் கதைக்க முடியவில்லை. மாமி அவரை மறுபடியும் கரியரில் ஏற்றினார். என் அம்மா மிதித்த சைக்கிளில் கொப்பியோடு நான் பின்னால் போனேன். மாமி இரண்டு இடத்தில் இறங்கி உருட்டினார்.

ஆஸ்பத்திரித் தராசு அறுபத்தொன்று காட்டியது. டொக்டர் என் கொப்பியைப் பார்த்தார்.

"இது ஆர் எழுதினது?"

நான் மாமாவைப் பார்த்தேன்.

"பிள்ளை... கண்டதைத்தான் எழுதினவள்," என்றார் மாமா, மூச்சுக்கு மூச்சு நிறுத்தி. "நான்தான்... காலை ஊண்டினனான்."

டொக்டர் ஊசிக்கு எழுதினார். மத்தியானத்துக்குள் நிறையத் தண்ணீர் போய், மாமாவால் மறுபடி கதைக்க முடிந்தது. அந்த முறை தப்பினார். பிறகும் இரண்டு மாரிக்காலம் உயிரோடு இருந்தார்.

"ஏனப்பா உப்பிடிச் செய்தனீங்கள்?" என்று அன்று மத்தியானம் கட்டிலடியில் கேட்டார் மாமி.

"ஏறினது தெரிஞ்சால் நீ திருப்பி அந்த ரோட்டாலை மிதிப்பாய்."

"இப்ப ஆர் மிதிச்சது? நீங்கள் ஒளிச்ச அஞ்சு கிலோவையும் சேர்த்தெல்லோ மிதிச்சனான்!"

மாமா சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. மாமி அவருடைய முதுகைத் தடவியபடி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

இரண்டு பேரும் சண்டை பிடிக்கிறார்கள் என்று நினைத்து நான் வெளியே போய், அது முடியட்டும் என்று வாங்குப் பலகையில் குந்தியிருந்தேன்.