ஆடிக் காற்றில் ஜெயித்த சொம்பு

ஆடிக் காற்று ஜன்னலை அறைந்ததில் அலமாரியிலிருந்த எவர்சில்வர் சொம்பு கீழே விழுந்து உருண்டது. சத்தம் கேட்டதும் என் வலது கை தானாக மூடிக்கொண்டது.

அறுபதுகளின் தொடக்கம். பதினைந்து வயதில் எனக்கு சைக்கிள்தான் எல்லாம். பாரம் குறைய மட்கார்டு, கேரியர், மணி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு விடியலில் பழகுவேன். அந்த ஆடியில் பீளமேட்டிலிருந்து சோமனூர் போய்த் திரும்பும் பந்தயம். திரும்பும்போது எதிர்க்காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. எனக்கு முன்னால் என் சிநேகிதன் தாமஸ் மட்டும்தான். பஞ்சு லாரி ஒன்று என்னைக் கடந்தபோது, பின்னால் தொங்கிய கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். நான் அவனைத் தாண்டிப் போகையில் தாமஸ் என் கையைப் பார்த்தான்.

மாலையில் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். நான் ஜெயித்து வாங்கிவந்த பரிசுச் சொம்பிலேயே அம்மா அவனுக்கு மோர் கொடுத்தாள். தோல் உரிந்த என் உள்ளங்கையை விரித்துக் காட்டி, "இது எப்பிடி ஆச்சு கண்ணு? கேட்டா இவன் சொல்ல மாட்டேங்கறான்" என்றாள்.

தாமஸ் நிதானமாகக் குடித்து முடித்தான். "ஹேண்டில் பார் உரசியிருக்குமுங்க அம்மா. எதிர்க்காத்துல இறுக்கிப் பிடிச்சாத்தான் ஓட்ட முடியுமுங்க."

சொம்பை இரண்டு கைகளாலும் என்னிடம் நீட்டினான். அந்தக் கைகளில் ஒரு கீறல்கூட இல்லை.

"ஏனுங்க, சொம்பு நெளிஞ்சுபோச்சுங்களா?" என்று மனைவி உள்ளிருந்து கேட்கிறாள். எடுத்துப் பார்க்க எனக்குக் கை வரவில்லை.