புகை போட்ட கெபின்

கல்முனைக்குடி மீராசாவின் தோணியை எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி கொண்டுபோய்விட்டது. அதன் பிறகு சில வருஷங்கள் அவர் மற்றவர்களின் படகுகளில் கூலிக்குப் போனார். நாற்பதைத் தாண்டிய மனுஷன், நேற்று மீசை முளைத்தவர்களின் சொல் கேட்டு வலை இழுப்பது அவருக்கு லேசாக இருக்கவில்லை. வாழைச்சேனையில் பழைய இயந்திரப் படகொன்று விலைக்கு நிற்கிறது என்று கேள்விப்பட்டதும், மனைவி ஸகியாவின் கழுத்தில் கிடந்ததை விற்று அதை வாங்கினார்.

பார்வைக்குப் படகில் குறையில்லை. இஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்தது. அதற்கு முன்னால் இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்கக்கூடிய பலகைக் கெபின். துறையில் பார்த்தபோது அதன் கதவும் ஜன்னலும் அகலத் திறந்து கிடந்தன. கல்முனைக்கு ஓட்டிவரும் வழியில் கடல் தெறிக்கிறதே என்று கதவைச் சாத்தினார். அப்போதுதான் அந்த நாற்றம் எழும்பியது. டீசலும் அழுகிய மீனும் களப்புச் சேறும் பூஞ்சணமும் சேர்ந்து குழைந்த நாற்றம். இருபது வருஷம் கடலில் கிடந்தவர் அன்றைக்கு வாந்தி எடுத்தார்.

அவருடைய தோணியைக் கொண்டுபோன அதே சூறாவளிதான் இந்தப் படகையும் கடலோரக் களப்புத் தண்ணீருக்குள் தாழ்த்தியிருந்தது. பல கிழமைகள் சேற்றில் கிடந்த பிறகே அதைத் தூக்கியிருக்கிறார்கள். விற்றவர் இதைச் சொல்லவில்லை. மீராசாவுக்குப் பிறகு வேறு ஆட்கள் மூலம்தான் தெரிந்தது.

படகில் அவரோடு இரண்டு பேர் போனார்கள். ஒருவன் ஸகியாவின் தம்பி றவூப். மற்றவர் பாண்டிருப்பைச் சேர்ந்த சாமித்தம்பி. கூலிக்குப் போன காலத்திலிருந்தே மீராசாவோடு ஒன்றாக வலை இழுத்தவர், மூன்று பிள்ளைகளின் தகப்பன். தண்ணீரின் நிறத்தைப் பார்த்து மீன் நிற்கும் இடத்தைச் சொல்லுவார். ஆனால் நெஞ்சு பலவீனம். நனைந்தால் இருமல் பிடித்துவிடும். இரவு வலைக்குப் போகும்போது கெபினுக்குள் முறை வைத்துத் தூங்க வேண்டியவர்கள், நாற்றத்துக்குப் பயந்து மூன்று பேருமே மேல்தட்டில் பனியில் சுருண்டு கிடந்தார்கள். சாமித்தம்பி விடிய விடிய இருமினார்.

"மீனெல்லாம் நம்மட கெபின் மணத்துக்குத்தான் ஓடுது காக்கா" என்று அதிலும் ஒரு பகிடி விடுவார். அண்ணன் முறைக்கு மீராசாவை அவர் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

அந்தக் கோடை முழுக்க மீராசா நாற்றத்தோடு மல்லுக்கட்டினார். அடியில் தேங்கிய தண்ணீரை இறைத்தார். டீசல் கசிந்த குழாயை மாற்றினார். தும்பு மெத்தையைக் கரையில் போட்டு எரித்தார். சோடா கரைத்த சுடுதண்ணீரை ஊற்றித் தேங்காய்ப் பொச்சால் பலகைகளைத் தேய்த்தார். வினாகிரி பூசினார், தேசிக்காய் பிழிந்தார்.

"கெபினுக்கு ஊறுகாயா போடுறீங்க?" என்று ஸகியா சிரித்தாள்.

வெயிலில் திறந்து கிடந்தால் நாற்றம் அடங்கும். மழைக்குக் கதவைச் சாத்தினால் திரும்பவும் பழைய மாதிரி.

"மேலால தேச்சு வேலையில்ல காக்கா, தரைப்பலகையக் கழட்டிப் பாப்பம்" என்றார் சாமித்தம்பி.

"அதுக்குப் படகக் கரையேத்தணும். மாரி வரமுன்ன இன்னும் ரெண்டு மூணு தரம் கடலுக்குப் போகலாம். மறுகா பாப்பம்" என்றார் மீராசா.

சாம்பிராணி யோசனை ஸகியாவுடையது. "புள்ள பெத்த ஊட்டுக்குப் போடுற மாதிரி ஒரு சட்டியில சிரட்டைக்கரி மூட்டி, சாம்பிராணி போட்டுக் கதவச் சாத்தி வைங்க. புகை பலகைக்குள்ள எறங்கட்டும்" என்றாள்.

அது பலித்தது. முதல் தடவையே பாதி நாற்றம் அடங்கிப்போயிற்று. பிறகு கடலுக்குப் போகுமுன் ஒவ்வொரு தரமும் புகை போட்டார்கள். புகை ஆறிய பிறகு திறந்தால் உள்ளே வெதுவெதுப்பும் வாசமுமாக இருக்கும். சாமித்தம்பி முதன்முதலாக அங்கே படுத்துத் தூங்கினார். எழும்பி வந்து, "இப்பதான் காக்கா இது மனுஷர் படுக்கிற எடம்" என்றார். மீராசாவுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைப் போல் அதற்குப் பிறகு ஒன்றும் கிடைக்கவில்லை.

எண்பத்திரண்டு மாரியில் மற்றவர்களைப் போல் படகை வாழைச்சேனைத் துறைக்குக் கொண்டுபோனார்கள். கல்முனைக் கரையில் மாரிக் கடலுக்குப் படகு நிற்காது. அங்கே போய்ச் சேர்ந்த அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்குப் போகுமுன் மீராசா சட்டியில் கரி மூட்டிக் கெபினுக்குள் வைத்தார். சாமித்தம்பி காவலுக்கு நின்றார். தடிமன் பிடித்து மூக்கு அடைத்திருந்தது.

"கதவத் திறந்திராத தம்பி. புகை உள்ளுக்கே நிக்கட்டும்."

"ஓம் காக்கா. போயிட்டு வாங்க. நான் பாத்துக்கொள்ளுறன்."

அவர்கள் பள்ளிவாசலில் இருக்கும்போது மழை அடித்து ஊற்றியது. தொழுகை முடிந்து, கடையில் மூன்று சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு மீராசாவும் றவூபும் துறைக்குத் திரும்பினார்கள். மேல்தட்டில் ஆளைக் காணவில்லை. கெபின் கதவு உள்ளால் சாத்தியிருந்தது. மீராசா தள்ளித் திறந்தார். சாம்பிராணி எரிந்து முடிந்திருந்தது. புகையே இல்லை. கரி மட்டும் சாம்பலுக்கடியில் சிவப்பாகக் கிடந்தது. சாமித்தம்பி இடுப்பில் ஈரச் சறத்தோடு, முழங்காலை மடக்கி, ஒருக்களித்துப் படுத்திருந்தார். கன்னம் சிவந்து, நல்ல சுகத்தோடு தூங்குகிற ஆள் போலத்தான் இருந்தார்.

"தம்பி, எழும்பு. சோறு கொண்டந்திரிக்கன்."

பாதத்தைப் பிடித்து ஆட்டினார். பிறகு தோளை ஆட்டினார். றவூப் பார்சல்களைக் கீழே போட்டுவிட்டு, ஆட்களைக் கூப்பிட ஓடினான்.

ஆசுபத்திரியில் டொக்டர் தமிழிலேயே விளங்கப்படுத்தினார். மூடின இடத்தில் கரி நெருப்பு வைத்தால் அதிலிருந்து ஒரு நச்சுக் காற்று வரும். நெருப்பு புகையில்லாமல் கனன்றாலும் வரும். "அதுக்கு மணமே இல்ல. படுத்த ஆளுக்கு ஒண்டும் தெரிஞ்சிருக்காது" என்றார். மரண விசாரணையில் தற்செயல் என்று தீர்ப்பாயிற்று. வேன் பிடித்துப் பிரேதத்தைப் பாண்டிருப்புக்குக் கொண்டுவந்தார்கள். மீராசா முழு வழியும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்.

சடங்குகள் முடிந்த பிறகு ஒருநாள் அவர் சாமித்தம்பியின் வீட்டுக்குப் போனார். மனைவி அன்னப்பிள்ளை அவருக்குக் கதிரை எடுத்துப் போட்டாள். கடைசிப் பிள்ளை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"கடைசியா என்ன கதைச்சவர் காக்கா?"

சொன்னார். பிறகு, யாரும் கேட்காமலே, "நெருப்பு வெச்சது நான்தான். கதவத் திறக்க வேணாமெண்டு சொன்னதும் நான்தான்" என்றார்.

அன்னப்பிள்ளை பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க வேணுமெண்டு செய்யல்ல. அது எனக்குத் தெரியும்" என்றாள். "ஆனா இனி இஞ்ச வராதீங்க காக்கா. உங்களக் கண்டா, பின்னால அவரும் வாறாரெண்டு பாக்கச் சொல்லுது மனம்."

மீராசா அதற்குப் பிறகு போகவில்லை. கடலுக்குப் போகிற நாளெல்லாம் ஒரு பங்கு மீனைப் பாண்டிருப்பு ஆட்கள் கையில் கொடுத்தனுப்பினார். அவள் அதை வாங்கினாளா, இல்லையா என்று யாரிடமும் விசாரித்ததில்லை.

வீட்டில் ஸகியா, "நான்தானே சொன்னன், நான்தானே சொன்னன்" என்று பல நாள் அழுதாள். "நீ என்னத்தக் கண்டாய் புள்ள?" என்றார் அவர் ஒவ்வொரு தடவையும். அந்த வீட்டில் சாம்பிராணி போடுவது நின்றுபோனது. மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது சம்பந்தி வீட்டார் கேட்டுப் பார்த்தார்கள். ஸகியா சம்மதிக்கவில்லை.

மாரி முடிந்து படகைக் கல்முனைக்குக் கொண்டுவந்ததும் மீராசா அதைக் கரையேற்றினார். ஒரு காலையில் தனியாகப் போய்க் கெபின் தரைப்பலகையைக் கழற்றினார். கீழே, படகின் விலாக்கட்டைகளுக்கு இடையில், கறுத்த சேறு இறுகிக் கிடந்தது. தோண்டத் தோண்ட அதற்குள் மீன் முள், நண்டு ஓடு, அழுகிய வலைத்துண்டு. களப்பில் தாழ்ந்து கிடந்தபோது புகுந்தவை. சிரட்டையால் சுரண்டி வாளியில் அள்ளி, கடல் தண்ணீரால் கழுவிவிட்டார். மதியத் தொழுகைக்கு முன் வேலை முடிந்துவிட்டது. நாலைந்து நாள் காயவிட்டுப் பலகையைத் திரும்ப அடித்துக் கதவைச் சாத்தி, மறுநாள் திறந்து பார்த்தார். நாற்றம் துப்புரவாகப் போயிருந்தது. அவர் மணலில் உட்கார்ந்து அழுததைக் கரைவலைக்காரர்கள் கண்டார்கள். யாரும் கிட்டப் போகவில்லை.

படகு அதற்குப் பிறகும் கடலுக்குப் போனது. மீராசா மட்டும் கெபினுக்குள் போகவில்லை. எந்த மழையானாலும் சுக்கான் பக்கத்திலேயே நின்று நனைந்தார். எண்பத்திநாலில் றவூப் சவூதிக்குப் போய்விட்டான். வந்த புது ஆட்களும் நிலைக்கவில்லை. அடுத்த வருஷம் தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கிடையே கலவரம் வந்தது. எரிந்த கடைகளைத் தாண்டிப் பாண்டிருப்புக்கு மீன் கொண்டுபோக ஆளில்லை. பிறகு இராணுவம் கடலுக்குப் போகவும் தடை போட்டது. நின்ற இடத்திலேயே படகின் பலகைகள் வெடித்தன. இஞ்சினைக் கழற்றி விற்றார். மிச்சத்தைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டு, கரைவலை இழுக்கப் போனார்.

எண்பத்தேழில் சண்டை ஓய்ந்து பாதை திறந்தபோது ஒருநாள் பாண்டிருப்புக்கு நடந்தார். சாமித்தம்பியின் வீட்டுக்குக் கூரை இல்லை. அன்னப்பிள்ளை பிள்ளைகளோடு தம்பிலுவிலில் சொந்தக்காரர் வீட்டில் இருப்பதாகப் பக்கத்து வளவுக்காரர் சொன்னார்.

அடுத்த கிழமை அவர்களுக்கென்று ஸகியா கருவாடு கட்டிக் கொடுத்தாள். மீராசா அக்கரைப்பற்று வரை பஸ்ஸில் போனார். தம்பிலுவிலுக்குப் போகிற பஸ் இஞ்சினைப் போட்டபடி நின்றது. மிதிபலகையில் நின்ற கொண்டக்டர், "ஏறுங்க நானா, எடுக்கப் போறம்" என்றான்.

மீராசா பார்சலை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"இல்ல மனே. நீங்க போங்க."

பஸ் போனது. அவர் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, கல்முனைக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஏறினார். வீட்டில் கருவாட்டுப் பார்சலைக் கண்டதும் ஸகியா, "ஆக்கள் அங்க இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றார் மீராசா. அவள் அடுப்படிக்குப் போய்ப் பார்சலை அவிழ்த்தாள்.